நான்கு கிகாஹெர்ட்ஸைத் தொடாத செயலி

மேசைக் கணினியைத் திறந்தால் நம் கண்ணில் முதலில் படுவது செயலி அன்று; அதன்மேல் அமர்ந்திருக்கும் உலோகத் தகட்டு அடுக்கும் விசிறியுமே. தொடக்கத்தில் இவை இல்லை. 1971இல் இண்டெல் வெளியிட்ட 4004 செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தன; அதற்கு விசிறி தேவைப்படவில்லை.

1974இல் ஐ.பி.எம். ஆய்வாளர் இராபர்ட் டென்னார்டும் அவர்தம் குழுவினரும் ஒரு கணக்கை வகுத்தளித்தனர். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், குறிப்பிட்ட பரப்பில் எழும் வெப்பம் மிகாது. வேகம் மட்டும் கூடும் என்பது அதன் சாரம். இந்த நம்பிக்கையின் எல்லையைக் காட்டிய செயலி பெண்டியம் 4 என்று நாம் கருதுகிறோம்.

2000 நவம்பரில் வெளிவந்த அச்செயலி, ஒரு கட்டளையை நிறைவேற்றும் பணியை 20 சிறு படிகளாகப் பகுத்தது. படி சிறிதானால் ஒவ்வொரு துடிப்பும் விரைந்து முடியும். கிகாஹெர்ட்ஸ் எண்ணும் உயரும். ஆனால், நிரல் அடுத்து எக்கிளையில் செல்லும் என்பதைச் செயலி தவறாக ஊகித்துவிட்டால், பாதி முடிந்த வேலையெல்லாம் வீணாகும். படிகள் மிக மிக இழப்பும் மிகும். வாங்குவோர் இதனை எங்ஙனம் அறிவர்? விளம்பரத்தில் அச்சிட்ட எண்ணையே அவர்கள் கண்டனர். வடிவமைப்பில் விற்பனைத் துறையின் நிழல் விழுந்ததோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

2004 பிப்ரவரியில் 'பிரெஸ்காட்' என்னும் புதிய வடிவம் வந்தது. படிகள் 31 ஆயின. அளவு 90 நானோமீட்டருக்குச் சுருங்கியது. டிரான்சிஸ்டரின் வாயிலைக் காக்கும் மின்காப்புப் படலம் 1.2 நானோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்து அணு அடுக்கு மட்டுமே. மூடிய குழாயிலிருந்து நீர் கசிவதுபோல, அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர் வழியேயும் மின்னோட்டம் கசிந்தது. கசிவுக்கு அஞ்சி மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. மின்திறன் செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் துடிப்பு வேகத்திற்கும் ஏற்ப உயர்வது. டென்னார்டின் கணக்கு இங்கே முறிந்தது. 3.8 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 115 வாட் வெப்பத்தை அகற்ற வேண்டியிருந்தது. இஃது ஒரு நிறுவனத்தின் இடர் மட்டும் அன்று. அவ்வாண்டு ஜூனில் ஆப்பிள் அறிவித்த 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கணினி நீர்மத்தால் குளிர்விக்கப்பட்டது.

2004 மே மாதம் 'தேஜஸ்' என்னும் அடுத்த செயலித் திட்டத்தை இண்டெல் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4உம் கைவிடப்பட்டது. தலைமைச் செயல் அதிகாரி கிரேக் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு, வேடிக்கையாக மன்னிப்பு வேண்டினார்.

மாற்றுவழி முன்னரே உருவாகியிருந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழுவினர் மடிக்கணினிக்கென வடிவமைத்த பெண்டியம் எம் 2003இல் வெளிவந்திருந்தது. மின்கலம் சிறிது, பெட்டி மெல்லிது, ஆதலின் அவர்கள் வேகத்தைவிடச் சிக்கனத்தையே நாடினர். அம்மரபில் வந்த கோர் 2 டுவோ 2006 ஜூலையில் வெளியானது. அதன் 2.66 கிகாஹெர்ட்ஸ் வகை, இரண்டு கருக்களுடன் 65 வாட்டில் அடங்கியது. துடிப்பு குறைந்தும் பணி விரைந்தது.

ஆயினும் இரண்டு கருக்களுக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு நிரல் எழுதுவோரிடம் வந்து சேர்ந்தது. பழைய நிரல்கள் பல, ஒரு கருவை மட்டுமே பயன்படுத்தி, மற்றதை வாளா இருக்கவிட்டன.