பெயரில் பால் சொல்வது ஒலியா? வழக்கமா?



எதிரணி நண்பர் தொல்காப்பியத்தையே கையில எடுத்துட்டு வந்துட்டாரு. 'ன்' என்று முடிந்தால் ஆண், 'ள்' என்று முடிந்தால் பெண். வள்ளி, கண்ணகி மாதிரி 'இ'யில் முடிகிற பெயருக்கு இயல்பாகவே ஒரு பெண்மை உண்டு என்கிறார். அவன், அவள் என்ற சொற்களுக்கு இலக்கணம் சரிதான். ஆனா, மனுஷங்க பேரு அந்தக் கட்டுக்குள்ள நிக்குதா? வரலாற்றைக் கேட்போம்.

முதல்ல 'இ'. கடையெழு வள்ளல்களை எண்ணிப் பாருங்க. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. ஏழு பேர்ல நாலு பேருக்கு இகர முடிவு! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் வில்லுக்குப் பேர்போன ஓரியும் பெண்களா? (சிரிப்பு)

அடுத்தது 'ள்'. ஆண்டாள் பெண். அவர் மாலை சூட்டிய பெருமாள்? ஊருக்கு ஊர் ஆம்பளைங்க வச்சிருக்கிற பேராச்சே ஐயா அது!

சரி, 'ன்' மட்டுமாவது தப்பிச்சுதா? தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவுபெற்றது. அந்தக் கல்வெட்டிலே ராஜராஜ சோழன் தன் தமக்கை குந்தவையை 'அக்கன்' என்கிறான். பேரரசனே அக்காவுக்கு 'ன்' போட்டுட்டான்! (கைதட்டல்)

மரியாதைன்னு வந்துட்டா வித்தியாசமே மறைஞ்சு போயிடுது. பிசிராந்தையார் ஆண், ஔவையார் பெண். இருவருக்கும் ஒரே 'ஆர்'.

அப்படின்னா, பேரைக் கேட்டதும் ஆணா பெண்ணான்னு எப்படித் தெரியுது? கேட்டுக் கேட்டுப் பழகினோம், தெரியுது. அவ்வளவுதான்.

இது வெறும் பழக்கமா இருந்தா நான் இவ்வளவு பேச மாட்டேன். ஆண்பிள்ளையை எதிர்பார்த்து வரிசையாகப் பெண் பிறந்தால், கடைசிக் குழந்தைக்கு 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கிற வழக்கம் நம்ம நாட்டில் உண்டு. 'வேண்டாம்' என்றே வைத்த ஊரும் உண்டு. சண்முகம், மாணிக்கம், ஆறுமுகம் எல்லாம் 'ம்'லதான் முடியுது. 'வேண்டாம்' என்பதும் அதே 'ம்'தான். ஒரு 'ம்' பையனைத் தொட்டில்ல போட்டுக் கொஞ்சுது. இன்னொரு 'ம்' பொண்ணை வாசல்லயே நிறுத்துது. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானே!

நடுவர் அவர்களே, குற்றம் எழுத்தில் இல்லை, பேர் வச்ச மனசுல இருக்கு. ஒலி என்று தீர்ப்புச் சொன்னா அந்த மனசு தப்பிச்சுக்கும். எனவே, வழக்கமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.