அரை மணி ஓய்வின் வரலாறு

சாரல் பொழியும் ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்து ஐந்தருவியைக் கண்டவர், நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து பாறையினின்று வீழும் எழிலை மறக்கமாட்டார். நாம் அங்கே இளைப்பாறச் செல்லுகிறோம். நீராடித் திரும்பும் வழியில், பழமும் எண்ணெயும் பலகாரமும் விற்கும் கடைகளில், நெடுநேரம் நின்றபடியே நமக்குப் பணிபுரிவோர் பலர். நம் ஓய்வுக்காக உழைக்கும் இவர்கள் எப்பொழுது உண்பர்? எப்பொழுது அமர்வர்? இவ்வினாவுக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு.

வெயில் ஏறியதும் ஏரை நிறுத்தி மரநிழலில் கஞ்சி குடிப்பது உழவர் வழக்கம். மாடும் களைக்கும், மனிதனும் களைப்பான். நீராவி இயந்திரத்துக்கோ பசியும் இல்லை, களைப்பும் இல்லை. அதன் அருகே நின்றவன் அதன் வேகத்துக்கே உழைக்க நேர்ந்தது. 1881ஆம் ஆண்டில் இந்தியாவில் தோன்றிய முதல் தொழிற்சாலைச் சட்டம், சிறுவர்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒரு மணி ஓய்வு வகுத்தது. வளர்ந்தோரின் ஓய்வைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகாண்டேயின் தலைமையில் கூடினர். ஞாயிறுதோறும் விடுமுறையும், நண்பகலில் அரை மணி ஓய்வும் வேண்டினர். விண்ணப்பத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஏழாண்டுகள் கழிந்தபின், 1891ஆம் ஆண்டுச் சட்டம், பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையே அரை மணி நேரம் வேலையை நிறுத்துவதைப் பொது விதியாக்கியது.

நம் நெல்லைச் சீமையிலும் இக்குரல் எழுந்தது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள், வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்க, வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்தம் கோரிக்கை. பத்தாண்டுகளுக்குப்பின் சென்னைப் பெரம்பூரில், ஆலைக்கு வெளியே வந்து உண்டு மீள அரை மணி போதவில்லை என்பது தொழிலாளரின் முக்கியமான குறையாக இருந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, அதன் தலைவர் பி.பி. வாடியா இக்குறையை நிருவாகத்தின்முன் வைத்தார்.

நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரை மணி ஓய்வின்றி ஒருவரை ஐந்து மணிக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது என்றது. கடை ஊழியருக்கு 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம், நான்கு மணி வேலைக்குப்பின் ஒரு மணி ஓய்வு தந்தது. ஆயினும் வேலை நடுவே அமர்வதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்று அச்சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான்!

பெற்ற உரிமை தானே நிலைத்துவிடாது. வேலை நேரம், ஓய்வு இடைவேளை ஆகியவை பற்றிய விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்யும் மசோதா ஒன்று, 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் ஊழியராவீர், சிலர் முதலாளியாவீர். இருவரும் இவ்வரலாற்றை அறிதல் வேண்டும். அடுத்த சாரற் பருவத்தில் ஐந்தருவிக்குச் சென்றால், கடையில் பொருளைக் கேட்குமுன், அங்கே ஊழியருக்கு ஓர் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.