ஒரு ரூபாய்ச் சம்பளமும் உயர் நீதிமன்ற ஆங்கிலமும்

தஞ்சை மாவட்டத்தில் 1832-இல் பிறந்த தி. முத்துசாமி ஐயர், சிறுவயதில் தந்தையை இழந்து, கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு எழுத்துவேலை பார்த்தார். அவருடைய கூர்மையைக் கண்ட தாசில்தார் ஒருவர்தான் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். 1854-இல் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 ரூபாய் பரிசு!

அந்த ஆங்கிலம்தான் அன்று நீதிமன்றத்தின் மொழி: சட்டமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில். கட்சிக்காரரின் பத்திரமும் சாட்சியமும் தமிழில். இரண்டுக்கும் நடுவே நின்று உழைத்தவர்கள் உள்ளூர் வக்கீல்கள். அந்த உழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

நீதித்துறையில் முன்சீப்பாகத் தொடங்கிய ஐயர், 1862-இல் அமைந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதி.

அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவின்படி அங்கே இன்றும் ஆங்கிலமே நீதிமன்ற மொழி. தமிழையும் சேர்க்கக் கோரி 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, ஒப்புதல் கிடைக்கவில்லை.