திருவேங்கடத்துக் கணக்கு

பிறர் ஒப்படைத்த பொருளைச் சொன்ன காரியத்துக்கே செலவிட வேண்டும், கணக்கை எழுத்தில் வைக்க வேண்டும், தவறினால் அரசு தட்டிக் கேட்கும் என்னும் விதிகளெல்லாம் கம்பெனிச் சட்டத்தோடு மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். திருப்பதிக்குக் குடும்பத்தோடு சென்று வருகிறோம். ஆனால் அங்குள்ள சுவர்களில் எழுதியிருப்பதை நின்று படிக்க நமக்குப் பொழுது வாய்ப்பதில்லை. வாய்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

தேவஸ்தானத்தார் படியெடுத்து அச்சிட்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழே. அவற்றில் நாம் காண்பது ஒப்பந்தப் பத்திரங்களின் நடை. இன்னார் பண்டாரத்தில் இவ்வளவு பணம் வைத்தார். அதனால் இன்ன ஊரில் ஏரியும் கால்வாயும் திருத்தி, மிகுந்து விளையும் நெல்லைக் கொண்டு இன்ன நாளில் இன்ன அமுது படைக்க வேண்டும். பிரசாதத்தில் கொடுத்தவருக்கு நாலில் ஒரு பங்கு. இப்பங்குக்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். நூற்றுக்கு இத்தனை என்று இன்று கணக்கிடும்போது நாம் வழங்கும் சொல் அதுவேயன்றோ! விஜயநகரக் காலத்துப் பத்திரங்கள் பலவற்றின் முடிவில், எழுதியவராகத் திருநின்றவூர் உடையான் என்னும் கோயிற் கணக்கரைக் காண்கிறோம்.

எழுதி வைத்தால் போதுமா? முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செய்தி ஒன்று உண்டு. திருச்சானூரை அடுத்த திருமுண்டியத்துச் சபையார், வேங்கடவன் கோயிலில் விளக்கெரிப்பதாகப் பொன்னை முதலாகப் பெற்றிருந்தனர். பொலிசை, அதாவது வட்டி, கொண்டு எரிக்க வேண்டிய விளக்குகள் இருபதுக்கு மேல். அரசனுடைய அதிகாரி வந்து விசாரித்தபோது எரிந்தவை இரண்டே. சபையார் ஊர்ப் பெரியவர்கள், மதிப்புடையவர்கள். ஆயினும் அதிகாரி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர்களிடம் கிடந்த பொன்னைக் கோயிற் பண்டாரத்தில் சேர்க்கச் செய்து, விளக்கெரிக்கும் பொறுப்பைப் பண்டாரத்தின் மேலேயே வைத்தான். தருமம் நின்றுவிடாமல், அதை ஏற்றவர் மட்டும் மாறும்படி தீர்த்த இத்தீர்ப்பை, இக்காலத்து நீதிமன்றமும் குறைகூற மாட்டாது என்பது நம் கருத்து.

இனி, பல நூற்றாண்டுகளைத் தாண்டுவோம். 1801-இல் கர்நாடக நவாபின் நாடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. திருமலைக் கோயிலும் உடன் வந்தது. லண்டனில் பங்குதாரருக்கு லாபம் காட்ட வேண்டிய ஒரு வாணிகக் கூட்டம், வட ஆர்க்காட்டின் தலைநகரான சித்தூரிலிருந்து பெருமாள் கோயிலை நிருவகித்த விந்தையை என்னென்பது! உபரி வருமானம் கம்பெனியின் கஜானாவுக்குச் சென்றது. கணக்கில் அக்கறை பிறந்ததற்கு இதுவே காரணம் போலும். ஆயினும் நன்மை விளையாமலில்லை. ஒவ்வோர் ஊழியரின் கடமையைக் கூறும் 'கைங்கரியப்பட்டி', நைவேத்தியத்துக்கு இன்ன பொருள் இன்ன அளவு என்று வரையறுக்கும் 'திட்டம்' முதலிய ஏடுகள் எழுதப்பட்டன. 1821-இல் சித்தூரில் அதிகாரியாயிருந்த புரூஸ் என்பவர், பழைய வழக்கங்களைத் தழுவி 42 விதிகள் வகுத்தார். 'புரூஸ் கோட்' என வழங்கும் அது, பூசை முறையில் கைவைக்காமல் நிருவாகத்தை மட்டும் ஒழுங்குபடுத்தியது.

கிறிஸ்தவர் அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் கூக்குரல் எழவே, 1843-இல் கம்பெனி பொறுப்பை ஹாதீராம்ஜி மடத்து மகந்து சேவாதாஸிடம் விட்டு விலகிற்று. மகந்துகள் 1933 வரை நிருவகித்தனர். இடையே வழக்குகள் மூண்டு, நிருவாகத் திட்டம் ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து 1907-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பின்னர்ச் சென்னைச் சட்டசபை தனிச் சட்டமே இயற்ற, நிருவாகம் ஒரு குழுவின் கைக்கு மாறியது. இப்போது நடைமுறையில் உள்ளது 1987-ஆம் ஆண்டு ஆந்திர அறநிலையச் சட்டம்.

உண்டியல் காணிக்கையை எண்ணும் இடத்துக்குப் பரக்காமணி என்று பெயர். அங்கே எண்ணச் செல்வோர் பையில்லாத எளிய உடையோடு உள்ளே நுழைகின்றனர்.