சொப்பிங் பேக்கும் லயத்துக் குப்பையும்

சொப்பிங் பேக்குக்குத் தடை என்பது இலங்கையில் புதுக்கதை இல்லை. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனை 2007இலேயே தடைசெய்தாங்க. 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்த பிறகு, செப்டெம்பரில் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பரிலிருந்து கடையில் பை இலவசமில்லை.

ஒவ்வொரு தடவையும் "சனங்கதான் திருந்தணும்" என்ற பேச்சு வரும். சரி, வலப்பனையில் லயத்தில் இருக்கிறவங்க அந்தப் பையை எங்கே போடுவது? மறுசுழற்சிக்குக் கொடுக்கணும்னா முதலில் எடுத்துப்போக வண்டி வரணுமே. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க விடாமல் கட்டிப்போட்டிருந்தது. வாக்குக் கேட்க மட்டும் உள்ளே வரலாம்! மிச்சமிருந்தது லயத்துக் கான், அடுப்பு, ஆத்தோரம். அந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல். முதல் பொலித்தீன் தடைக்குப் பதினொரு வருஷம் கழித்து.