ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம்: தயாரிப்பும் புதுப்பிப்பும்

ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசம் என்பது 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் பேரரசின் படைவீரர்கள் அணிந்து வரும் வெள்ளை நெகிழி உடையும் தலைக்கவசமும் ஆகும். மெல்லிய நெகிழித் தகடுகளைச் சூடாக்கி அச்சில் படியவைத்துச் செய்த இந்த உடை, படப்பிடிப்பு முடியும்வரை தாங்கினால் போதும் என்ற கணக்கில் உருவானது. படம் வெளிவந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பும் உலகின் பல நாடுகளில் ரசிகர்கள் இதைத் தம் வீட்டுப் பட்டறைகளில் செய்கிறார்கள். பழையதைத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டிப் புதுப்பிக்கிறார்கள். இதை முதலில் செய்தவர் யார், யாருக்கு இது சொந்தம் என்ற வழக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

களிமண்ணிலிருந்து நெகிழிக்கு

இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் கற்பனைக்கு ஓவிய வடிவம் கொடுத்தவர் ரால்ஃப் மக்குவாரி. ஆடை வடிவமைப்பை ஜான் மொல்லோ கவனித்தார். இப்படத்துக்காக அவர் ஆஸ்கர் விருதும் பெற்றார். ஓவியத்தில் வழவழப்பாகவும் ஒரே உடம்பாகவும் தெரிந்த கவசத்தை, மனிதர் அணிந்து நடக்கக்கூடிய பொருளாக மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. பின்னாளில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வரலாற்றின்படி, தலைக்கவசத்தின் களிமண் மாதிரியை நிக் பெம்பர்டன் செய்தார். உடற்கவசத்தின் களிமண் வடிவத்தைச் சிற்பி பிரையன் முயர் செய்தார். லண்டனை ஒட்டிய டிவிக்கன்ஹாமில் சிறு தொழிற்கூடம் வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த், பெம்பர்டனின் மாதிரியை வைத்து நெகிழித் தலைக்கவசங்களை உருவாக்கினார். லூகாஸ் ஒப்புதல் அளித்த பிறகு 50 தலைக்கவசங்கள் செய்யப்பட்டன. 1976 மார்ச் மாதம் துனிசியாவில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டதால் எல்லாமே அவசரத்தில் நடந்தது.

ஐன்ஸ்வொர்த் கையாண்ட முறை வேக்குவம் ஃபார்மிங் எனப்படும் வெற்றிட வார்ப்பு. நெகிழித் தகட்டை அப்பளம் போலத் தொய்யும்வரை சூடாக்கி, அச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சை இறுகப் பற்றிக்கொள்ளும். விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் இந்த முறைக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஆழமான இடங்களில் தகடு இழுபட்டு மெலிந்துவிடும். உட்புறமாக வளையும் வடிவங்களை அச்சிலிருந்து கழற்ற முடியாது. அதனால் தலைக்கவசம் ஒரே துண்டாக வார்க்கப்படவில்லை. முகம் ஒன்று, உச்சியும் பின்தலையும் சேர்ந்தது ஒன்று, காதுகள் இரண்டு என்று தனித்தனியாக எடுத்துத் திருகாணிகளால் இணைத்தார்கள். நெற்றியில் முகத் துண்டும் உச்சித் துண்டும் சேரும் விளிம்பை மறைக்க ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஓடும். திரையில் அலங்காரமாகத் தெரியும் பல கோடுகள் உண்மையில் இப்படி மறைத்த மூட்டுகளே.

பெரும்பாலான தலைக்கவசங்கள் பச்சை கலந்த பழுப்பு நிற எச்டிபிஇ நெகிழியில் செய்யப்பட்டு மேலே வெள்ளை வண்ணம் பூசப்பட்டவை. அருகில் காட்டும் காட்சிகளுக்கெனச் சில தலைக்கவசங்கள் வெள்ளை ஏபிஎஸ் நெகிழியில் தனியாகச் செய்யப்பட்டன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இன்று ரசிகர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்: பழுப்பு வகையில் வாய்ப்பகுதியில் 6 பல் இடைவெளிகளும் தட்டையான பச்சைக் கண்ணாடியும் இருக்கும், ஏபிஎஸ் வகையில் 8 இடைவெளிகளும் புடைத்த கண்ணாடியும் இருக்கும்.

உடற்கவசம் ஏபிஎஸ் தகட்டால் ஆனது. மார்பு, முதுகு, வயிறு, தோள், கை, தொடை, கெண்டைக்கால் என்று துண்டு துண்டாக இருக்கும் அதைக் கறுப்பு உள்ளாடைக்கு மேல் எலாஸ்டிக் பட்டைகளாலும் பிரஸ் பட்டன்களாலும் தொங்கவிட்டார்கள். அணிந்தவர் சரியாக உட்கார முடியாது; குனிந்தால் வயிற்றுத் தகடு குத்தும்; தலைக்கவசத்துக்குள்ளிருந்து எதிரே ஒரு குறுகிய வெளி மட்டும் தெரியும். படத்தில் ஒரு வீரர் கதவின் மேல்விளிம்பில் தலையை முட்டிக்கொள்ளும் காட்சி அப்படியே தங்கிவிட்டது. 2004 டிவிடி பதிப்பில் அந்த முட்டலுக்கு ஓர் ஒலியும் சேர்த்தார்கள்.

இந்தக் கவசங்களை முதலில் புதுப்பித்தவர்களும் படக்குழுவினரே. 1980இல் வந்த அடுத்த படத்துக்குப் பழைய உடைகளைச் செப்பனிட்டு மறுபடியும் பயன்படுத்தினார்கள்.

ரசிகர்களின் பட்டறை

1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆல்பின் ஜான்சன் '501ஆம் லீஜியன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வில்லன்களின் உடையை அணிந்து மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் செல்லும் தன்னார்வலர் குழு இது. 2007 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த ரோஜா அணிவகுப்பில் லூகாஸ் தலைமை விருந்தினராக வந்தபோது, பல நாடுகளிலிருந்து வந்த இவ்வமைப்பினர் கவசம் அணிந்து பின்னால் நடந்தார்கள். உடையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு இதில் சேர்ந்துவிட முடியாது. ஒவ்வொரு பாகமும் படத்தில் உள்ளதற்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று புகைப்படங்களைக் கொண்டு சரிபார்த்த பிறகே அனுமதி கிடைக்கும்.

வழக்கமாக வார்த்த துண்டுகள் வெட்டப்படாத நிலையில் பெட்டியில் வருகின்றன. அணிபவரின் அளவைக் குறித்து, ஓரத்தைக் கத்தியால் கீறி முறித்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கை, கால் பாகங்களின் இரு பாதிகளையும் விளிம்போடு விளிம்பாக வைத்து, மேலே ஒரு மெல்லிய ஏபிஎஸ் பட்டை ஒட்டுவார்கள். மூல உடையிலும் இந்தப் பட்டை இருந்தது. பசை இறுகும்வரை உள்ளும் புறமும் காந்தங்களை வைத்துப் பிடிப்பது ரசிகர்களிடம் பரவிய எளிய உத்தி. விரிசல் விழுந்தால் வெட்டி எறிந்த ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்துக் குழம்பாக்கிப் பூசுகிறார்கள்; அது காய்ந்து அதே நெகிழியாகிவிடும். கார் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பதைக் கண்டவர்களுக்கு அடுத்த வேலை புதிதல்ல: கரடான உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மிக நுண்ணிய தாள்வரை சென்று, கடைசியில் மெருகுப்பசை போடுவார்கள்.

வண்ணத்தில் ரசிகர்கள் காட்டும் பிடிவாதம் தனி ரகம். தலைக்கவசத்தின் சாம்பல் பகுதிகளுக்கு ஹம்ப்ரால் நிறுவனத்தின் 5ஆம் எண், கன்னக் குழாய்களின் நீலக் கோடுகளுக்கு 14ஆம் எண், கறுப்புக்கு 85ஆம் எண் எனாமல் என்பது அவர்களிடையே ஏறக்குறைய சட்டம். மூலத்தில் அந்தக் கோடுகள் கையால் இழுக்கப்பட்டவை. ஒன்று தடித்தும் ஒன்று சாய்ந்தும் இருக்கும். முகமே இடமும் வலமும் ஒத்திராது. ஆகவே இங்கே 'சரியாக' செய்வது என்றால் அவசரத்தில் நேர்ந்த பிசகுகளையும் சேர்த்துச் செய்வது. கணினியில் இருபுறமும் சமமாக வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்த தலைக்கவசம் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் படத்தை ஊன்றிப் பார்த்தவர்கள் அதில் ஏதோ குறைகிறது என்பார்கள்.

பிரதிகளின் வம்சாவளியும் இதே கண்ணால் அறியப்படுகிறது. முடிந்த கவசத்தின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சின் மேல் மீண்டும் தகட்டைப் படியவைத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் தகட்டின் கனம் அளவுக்கு உருவம் பெருத்துக்கொண்டே போகும், கூர்மையான விளிம்புகள் மழுங்கும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுவோர் பிழைகளைக் கொண்டு எது எதன் படி என்று கண்டறிவதுபோல, ஒரு வடு அல்லது மேடு எந்தப் பிரதியில் முதலில் தோன்றியது என்று பார்த்து அச்சின் மூலத்தை இவர்கள் தேடுகிறார்கள். பிறர் உழைத்து எடுத்த அச்சைச் சொல்லாமல் நகலெடுத்து விற்பவர்மீது இவ்வட்டாரத்தில் கடும் கோபம் உண்டு. முரண் என்னவென்றால், அந்த முதல் அச்சுகளிலும் பெரும்பாலானவை உரிமம் பெறாதவை.

சிற்பமா, கருவியா?

2004இல் ஐன்ஸ்வொர்த் தம்மிடமிருந்த பழைய கருவிகளைக் கொண்டு மீண்டும் தலைக்கவசங்களும் கவசங்களும் செய்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவில் அவர் விற்றது மிகச் சொற்பமே. ஆனாலும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்து, 2006இல் 2 கோடி டாலருக்குத் தீர்ப்புப் பெற்றது. அவர் அவ்வழக்கில் எதிர்வாதம் செய்யவில்லை. பின்னர் இங்கிலாந்திலும் வழக்குத் தொடரப்பட்டது.

தலைக்கவசத்தின் வடிவத்தைத் தாமே படைத்ததாக ஐன்ஸ்வொர்த் சொன்னதை 2008இல் உயர் நீதிமன்ற நீதிபதி மேன் ஏற்கவில்லை. இருந்தும் முக்கியமான கேள்வியில் தீர்ப்பு ஐன்ஸ்வொர்த்துக்குச் சாதகமாக அமைந்தது. தலைக்கவசம் 'சிற்பம்' என்றால் நீண்ட காலப் பதிப்புரிமை உண்டு. அப்படி இல்லையென்றால், தொழில்முறையில் பல படிகள் செய்த பொருளுக்கு அன்றைய ஆங்கிலச் சட்டம் 15 ஆண்டுகள்தான் கொடுத்தது, அது என்றோ கழிந்துவிட்டது. ஒரு செங்கல் குவியல் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் இருந்தால் சிற்பமாகலாம், அதே குவியல் கட்டட வேலைக்காக வீட்டு வாசலில் கிடந்தால் ஆகாது என்று மேன் விளக்கினார். படம் எடுக்கும் வேலைக்கான ஒரு பயன்பாட்டுப் பொருளே தலைக்கவசம் என்ற முடிவை 2011 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமை மீறலை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் சொன்னது. அந்தப் பகுதி லூகாஸ்ஃபிலிமுக்குச் சாதகம். ஆக, வடிவத்தைத் தாம் படைக்கவில்லை என்று தீர்ப்பானவரே இங்கிலாந்தில் அதைத் தொடர்ந்து விற்க முடிந்தது. களிமண்ணில் கை வைத்த பெம்பர்டனுக்கும் முயருக்கும் இதில் கிடைத்தது வரலாற்றில் ஓர் இடம் மட்டுமே. தொழில்முறைப் பொருள்களுக்கான காலத்தைச் சுருக்கிய சட்டப்பிரிவை 2016இல் பிரிட்டன் நீக்கிவிட்டது.

மஞ்சளாகும் வெள்ளை

ஏபிஎஸ் நெகிழியில் உள்ள பியூட்டடையீன் வெளிச்சத்தாலும் காற்றாலும் சிதைந்து, பல்லில் படியும் கறைபோல மஞ்சளாகிறது. கூடவே நொறுங்கும் தன்மையும் வருகிறது. பழைய கணினிகளை வெளுக்க ஆர்வலர்கள் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு முறையில் மஞ்சள் நிறம் குறையும். இழந்த வலு அதனால் திரும்புவதில்லை. நாளடைவில் மஞ்சளும் மீண்டும் தலைகாட்டலாம். ரசிகர் ஒருவர் தாம் அணியும் கவசத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளை வண்ணம் பூசிப் பளபளப்பாக்குவதில் தவறேதும் இல்லை. படத்தில் பயன்பட்ட மூல உடைக்கு அதையே செய்தால் கருவித் தடங்களும், கையால் இழுத்த கோடுகளும், படப்பிடிப்பில் விழுந்த கீறல்களும் போய்விடும். யார் செய்தார் என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்களுக்கும், எது எதன் நகல் என்று தேடுபவர்களுக்கும் அவைதான் சான்று. எச்டிபிஇ நெகிழியில் வண்ணம் எளிதில் ஒட்டாது. அதனால் எஞ்சியிருக்கும் பழைய தலைக்கவசங்களில் வெள்ளைப் பூச்சு உரிந்து அடியிலுள்ள பழுப்பு வெளியே தெரிகிறது. மேலே புதிய வெள்ளை அடித்தால், அது எந்த வகைத் தலைக்கவசம் என்று காட்டும் அந்தப் பழுப்பும் மறைந்துவிடும்.