மையம் மீண்டும் முளைக்கும் இடங்கள்: தமிழர் இணையத்தில் கூட்டிணைப்பின் வரலாறு, 1980–2025

கொல்லிமலையின் பைல் நாட்டிலிருந்து ஒருவர் சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைபேசியில் இருப்பது கூகுள் பே, வியாபாரியிடம் இருப்பது போன்பே. அதனால் ஒரு சிக்கலும் இல்லை, பணம் நொடியில் வந்து சேர்கிறது. ஆனால் அதே மிளகைப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலிருந்து ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி மட்டும் வைத்திருக்கும் இன்னொரு வியாபாரிக்கு அனுப்ப வழியில்லை. பணம் தாண்டும் வேலியைப் பேச்சு ஏன் தாண்ட முடியவில்லை?

தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. வெவ்வேறு ஆட்கள் நடத்தும் கணினிகள், ஒரு பொது உரிமையாளர் இல்லாமலேயே ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வது, அதாவது கூட்டிணைப்பு, 1980 முதல் நடந்துவருகிறது. தமிழர்கள் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கட்டங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: ஓர் அடுக்கில் மையத்தை ஒழித்தால், வேறோர் அடுக்கில் அது முளைத்துவிடுகிறது.

பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்றால் என்னவென்று கொல்லிமலைக்காரருக்கு விளக்குவது எளிது. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் இன்றுவரை வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, பைல் நாடு என்று ‘நாடு’ என்ற பெயரையே தாங்குகின்றன. மலையாளிப் பழங்குடியினரின் பழைய சமூக அமைப்பின் தடம் அது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தலைமை, தனி எல்லை. நாடுகளுக்கிடையே பொது வழக்கம். ட்விட்டர் போலவே பயன்பட்டாலும் பலர் நடத்தும் சர்வர்களில் இயங்கும் மாஸ்டடான் போன்ற தளத்தில், ஒரு சர்வருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான். ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். பிறக்கும் நாட்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. சர்வரைத் தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காவிட்டால் விட்டும் போகலாம்.

முதல் கட்டம் யூஸ்நெட். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் திட்டமிட்டு, 1980இல் இயக்கியது. ஒரு கணினி பக்கத்துக் கணினியைத் தொலைபேசி வழியே அழைத்து, தன்னிடம் இருக்கும் புதிய செய்திகளைக் கொடுத்து, அங்கே இருப்பதை வாங்கிக்கொள்ளும். அது தன் பக்கத்துக் கணினியிடம் அதையே செய்யும். மொத்த வலைக்கும் முதலாளி என்று எவரும் இல்லை. இதில் உருவான soc.culture.tamil என்னும் குழு, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்த தமிழ் மாணவர்கள் கூடிய இடங்களில் ஒன்று.

கணினிகள் பேசிக்கொண்டன, எழுத்துகள்தான் பேசிக்கொள்ளவில்லை. ரோமன் எழுத்தில் அடித்ததைத் தமிழாக்கிக் காட்ட ‘மதுரை’, ‘ஆதமி’ போன்ற மென்பொருள்கள் வந்தன. பிறகு எழுத்துருக்கள் பெருகின. எழுத்துக்கு எண் ஒதுக்கும் குறியேற்றம் ஆளுக்கொன்றாக இருந்ததால், மலேசியாவில் ஓர் எழுத்துருவில் அடித்த மடல், சென்னையில் வேறோர் எழுத்துரு இருக்கும் கணினியில் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் திறக்கும். செய்தி ஒரு பிட்டும் சிதையாமல் வந்திருக்கும், ஆனாலும் படிக்க முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டை ஒட்டி ‘டாப்’, ‘டாம்’ குறியேற்றங்கள் வந்தன. இணைய ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய ‘திஸ்கி’ இன்னொரு பக்கம் புழங்கியது. கடைசியில் யூனிகோடு வென்றது. தமிழக அரசு 2010 ஜூனில் அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது, கூடவே ‘டேஸ்16’ஐயும் வைத்துக்கொண்டது. கூட்டிணைப்பு பற்றிய ஆங்கில எழுத்துகளில் இந்த அத்தியாயம் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததில்லை. நம் வரலாற்றில் முதல் பொது உடன்பாடு எழுத்தைப் பற்றியதாகவே இருந்தது. அந்த உடன்பாட்டைப் பாதுகாக்கும் பொறுப்பு, தமிழருடையதல்லாத யூனிகோடு கூட்டமைப்பிடம் போனது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வலைப்பதிவுகள் வந்தன. ஒருவர் பிளாகரில் எழுதினார், இன்னொருவர் வேர்ட்பிரஸில். இருவரையும் ஒரே பக்கத்தில் வாசிக்க வைத்தது ஆர்எஸ்எஸ் ஓடை: புதிய இடுகை வந்ததும் தலைப்பையும் சுருக்கத்தையும் இயந்திரம் படிக்கும் வடிவில் வெளியிடும் சிறு கோப்பு. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இந்த ஓடைகளைச் சேர்த்து வரிசைப்படுத்தியது. எழுதுபவர் எங்கே இருந்தாலும் சரி, ஓடை இருந்தால் போதும். இன்று பெரிய நிறுவனங்கள் புதுமை என்று அறிவிப்பதில் பாதியைத் தமிழ் வலைப்பதிவர்கள் அன்றே பயன்படுத்தினார்கள் என்பேன். மறுபாதி இல்லை: ஓடை ஒருவழிப் பாதை. வாசிக்கலாம், ஆனால் மறுமொழி இட வேண்டுமானால் அந்தந்தத் தளத்துக்குத்தான் போக வேண்டும். அதோடு, எழுத்து பரவலாக இருந்தும் கண்டடையும் இடம் ஒன்றாகிவிட்டது. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்ற சண்டைகள் திரட்டியின் வாசலில் நடந்தது இயல்பே. பின்னர் கூட்டம் ஃபேஸ்புக்குக்குப் போனது. அங்கே மறுமொழியும் கண்டடைதலும் ஒரே இடத்தில் கிடைத்தன. வெளியே செல்லும் வழி மட்டும் இல்லை.

அரட்டை உலகின் கதை இன்னும் கசப்பானது. 1999இல் ஜெரமி மில்லர் வெளியிட்ட ஜாபரிலிருந்து வளர்ந்தது எக்ஸ்எம்பிபி நெறிமுறை. மின்னஞ்சல் போலவே பெயர், @, சர்வர் என்ற முகவரி. எந்த சர்வரும் எந்த சர்வரோடும் பேசலாம். கூகுள் டாக் 2006 ஜனவரியில் இந்தக் கூட்டிணைப்பைத் திறந்தது. 2013இல் ஹேங்கவுட்ஸ் வந்தபோது கைவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: வாட்ஸ்அப்பே எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருளான இஜாபர்டியின் மேல்தான் தன் வேலையைத் தொடங்கியது. பேசத் தெரிந்த குழந்தையைப் பிற வீட்டாரோடு பேசாதே என்று வளர்த்த கதை.

வலைப்பதிவு ஓடைகளில் இல்லாத அந்த மறுபாதியை, அதாவது மறுமொழியை, தந்தது ஆக்டிவிட்டிபப் நெறிமுறை. 2018 ஜனவரி 23 அன்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதைப் பரிந்துரைத்தது. இதன்படி ஒவ்வொரு பயனருக்கும் ஓர் உள்பெட்டி, ஒரு வெளிப்பெட்டி. நான் ஒரு சர்வரில் எழுதினால், என்னைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களின் உள்பெட்டிகளுக்கு அதன் நகல் போகும். விருப்பக்குறி, பதில், பகிர்வு எல்லாம் அதே வழியில் திரும்பி வரும். மாஸ்டடானில் இருப்பவர், படங்களுக்கான பிக்செல்ஃபெட்டிலோ காணொளிக்கான பியர்ட்யூபிலோ இருப்பவரைப் பின்தொடரலாம். மெட்டாவின் த்ரெட்ஸும் 2024இல் சில நாடுகளில் தொடங்கி, விரும்பும் பயனர்களுக்கு இந்த வழியைத் திறந்தது.

இந்தியாவில் மாஸ்டடான் பரவலாகப் பேசப்பட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும், ட்விட்டர் மீதான சாதிப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டும் சேர்ந்து பலரை அங்கே அனுப்பின. வந்தவர்களில் பெரும்பாலோர் சேர்ந்தது மாஸ்டடான்.சோஷியல் என்ற ஒரே பெரிய சர்வரில். நாலாபுறமும் சிதறி வாழக் கட்டிய ஊரில் எல்லோரும் ஒரே தெருவில் குடியேறினார்கள். பலர் சில வாரங்களில் ட்விட்டருக்கே திரும்பினர்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சர்வர் நடத்துவது அவ்வளவு எளிதல்ல. பைல் நாட்டில் ஓர் இளைஞர் குழு தனக்கென ஒன்று வைத்துக்கொள்ள நினைத்தால், எக்ஸ்எம்பிபி சர்வருக்குப் பழைய மடிக்கணினியே போதும். மாஸ்டடானுக்கு அது விரைவில் போதாமல் போகும்: பின்தொடரும் வெளியூர்க் கணக்குகளின் படங்களையெல்லாம் நகலெடுத்து வைப்பதால் சேமிப்பிடம் வீங்கிக்கொண்டே போகும். அதைவிடப் பெரிய செலவு ஆள். தமிழில் வரும் வசையையும் சாதித் திட்டையும் இரவு 11 மணிக்கு உட்கார்ந்து பார்த்து நீக்கப்போவது யார்? இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம் பாடரி.காம் வழியே டயஸ்போரா சமூக வலை, மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி அரட்டை ஆகிய சேவைகளைத் தன்னார்வலர்களையும் நன்கொடையையும் நம்பி நடத்தியது. அதே வட்டத்திலிருந்து வந்த ‘ப்ராவ்’ எக்ஸ்எம்பிபி செயலி, பயனர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கமாக இயங்கத் திட்டமிட்டது. பால் சங்கத்தையும் கடன் சங்கத்தையும் நடத்திப் பழகிய தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு இது அந்நியமான யோசனை அல்ல.

2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோவின் அரட்டை செயலி திடீரென்று நாடெங்கும் பேசப்பட்டது. அது 2021 முதல் இருந்ததுதான். அப்போது ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, இத்தகைய செயலிகள் கூகுள் பேயையும் போன்பேயையும் இணைக்கும் யூபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று இயங்க வேண்டும், வாட்ஸ்அப் போல மூடியிருக்கக் கூடாது என்றார். பொது நெறிமுறைக்காக, மென்பொருள் துறைச் சிந்தனைக் குழுவான ஐஸ்பிரிட் அமைப்போடு பேசத் தொடங்கியதாகவும் சொன்னார். நோக்கம் நல்லது. ஆனால் அவர் ஒரே மூச்சில் சொன்ன இரண்டும் ஒன்றல்ல. மின்னஞ்சலுக்கு நடுவே யாருமில்லை, ஒரு சர்வர் மற்றொன்றின் கதவை நேரே தட்டுகிறது. 2016இல் வந்த யூபிஐயில் ஒவ்வொரு பரிமாற்றமும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் இணைப்பகத்தைத் தொட்டே போகிறது. பணத்துக்கு அது சரி, கணக்குத் தீர்க்க ஒருவர் வேண்டும். எல்லோருடைய அரட்டையும் ஒரே இணைப்பகம் வழியே போவதை அதே மனநிம்மதியோடு பார்க்க என்னால் முடியாது. யூபிஐயிலும் இரண்டு செயலிகளே பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கின்றன. ஒரு செயலிக்கு 30 சதவீத உச்சவரம்பு என்று 2020இல் அறிவித்த விதி, கெடு நீட்டிப்பிலேயே காலம் தள்ளுகிறது.

வாட்ஸ்அப்பைத் திறக்கவைத்த ஒரே வழி சட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து பேர்டிசாட், ஹைக்கெட் என்ற இரு சிறு செயலிகளுடன் வாட்ஸ்அப் இணைப்பை அறிவித்தது, அதுவும் ஐரோப்பியப் பயனர்களுக்கு மட்டும். இந்தியாவில் 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவில், அரட்டைச் செயலிகள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும் என்ற நேரடி விதி இல்லை. ஆனால் ஜோஹோ தன் நெறிமுறையை வெளியிட்டு, ப்ராவ் போன்ற ஒரு சிறு செயலியை முதலில் இணைத்துக்கொள்ள நினைத்தால், அதற்கு வாட்ஸ்அப்பின் சம்மதமும் தேவையில்லை, நாடாளுமன்றத்தின் சட்டமும் தேவையில்லை.